உதவித்தொகைக்காக நாற்பத்திரண்டு பேரைக் கொன்ற காலை

இதில் சரிபார்க்கப்பட்ட செய்திகளை மட்டுமே எழுதப் போகிறேன். அதற்குக் காரணம் என் நேர்மை அன்று, என் குடும்பம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு காலைப்பொழுதில் நான் செய்த காரியம் எங்கள் வீட்டு விசேஷங்களில் பந்திக்குப் பந்தி பரிமாறப்பட்டு, சொல்லச் சொல்லப் பெருத்து, இப்போது அதற்குள் இரண்டு தீயணைப்பு வண்டிகளும் ஓர் ஆம்புலன்ஸும் வந்து சேர்ந்துவிட்டன. சென்ற ஆண்டு ஒரு சீமந்தத்தில் ஹெலிகாப்டர் வந்தது. (கொண்டுவந்தவர் என் அக்காவின் கணவர், எங்கள் வழக்கில் அத்திம்பேர். நேரில் இருந்தவர் என்பதால் அவரை யாரும் மறுப்பதில்லை.) ஆகவே நான் மூன்று சான்றுகளை மட்டும் நம்புகிறேன்: தொழிற்சாலையின் ஒத்திகை அறிக்கையின் நகல் ஒன்று, கடிதம் ஒன்று, என் கையெழுத்தில் பதினொரு தாள்கள். இவற்றில் இல்லாததைச் சொல்ல நேர்ந்தால் அது நினைவு என்று சொல்லிவிடுவேன். நினைவு எங்கள் குடும்பச் சொத்து. அதைப் பார்த்துத்தான் புழங்க வேண்டும்.

என் தந்தை திருவள்ளூரில் பெருமாள் கோயில் பாசுரக் கோஷ்டியைச் சேர்ந்தவர். ஆறு வயதிலிருந்து நானும் அந்த வரிசையின் கடைசியில் உட்கார்ந்து வாயசைத்தேன். எங்கள் உலகத்தில் ஒன்று மட்டும் அசையாதது: ஓதத் தொடங்கினால், முடிவில் வரும் சாற்றுமுறைவரை ஓதியே தீர வேண்டும். நடுவில் மழை வரலாம், மின்சாரம் போகலாம், பக்கத்திலிருப்பவர் உறங்கி என் தோளில் சாயலாம். எழுந்திருத்தல் மட்டும் கூடாது. இந்த ஒழுக்கம் பின்னால் எத்தனை பேரைப் பலிகொள்ளும் என்பதை அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

தமிழ் இளங்கலை முடிக்கும் ஆண்டில், அத்திம்பேரின் மோட்டார் சைக்கிளில் எளாவூர்ச் சோதனைச்சாவடிவரை ஒரு வேலையாகப் போயிருந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. (இது நினைவு.) சாலையோரத்தில் லாரிகள் ஈர யானைகளைப்போல ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அவற்றுள் ஒன்றன் பின்பலகையில் மஞ்சள் வண்ணத்தில் நான் அறியாத எழுத்துகள் இருந்தன. உருண்டு திரண்டு, ஒவ்வோர் எழுத்தும் தன் தலைக்குமேல் தானே ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு நின்றது. புறப்பாடுகளில் பெருமாளுக்குக் குடை பிடித்துத் தோள் வலித்தவன் நான். குடையோடு பிறக்கும் எழுத்துகள் உலகில் உண்டென்பது அந்த ஈரமாலையில் எனக்குப் பேரருளாகப் பட்டது. லாரி புகையைக் கக்கிக்கொண்டு நகர்ந்தது. நான் அதனோடு கொஞ்சதூரம் நடந்தேன் போலிருக்கிறது. அத்திம்பேர் பின்னாலிருந்து கூப்பிட்டது எங்கோ வேறு ஊரில் யாரையோ யாரோ கூப்பிடுவதுபோலக் கேட்டது. (அந்த வாசகத்தின் பொருள் "ஹாரன் அடிக்கவும்" என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். காதல் அதனால் குறையவில்லை.)

அது ஒடிய மொழி. கல்லூரி நூலகத்தில் யாரும் எடுக்காத ஓர் ஒடிய இலக்கணமும் பழைய பக்திப் பாடல்களின் தொகுப்பு ஒன்றும் இருந்தன. அவ்விரண்டையும் வைத்துக்கொண்டு ஓராண்டு தனியே கற்றேன். முடிவில் தாமரைக்கு ஒன்பது சொற்கள் தெரிந்தன. ஸ்பானருக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரோடும் நான் ஒரு சொல் பேசியதில்லை. இந்தத் தகுதியோடு, கீழைக் கடற்கரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒடிய மொழியும் அந்நிலப்பகுதியின் வரலாறும் வாழ்க்கையும் சேர்ந்த முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். இடம் கிடைத்தது. இரு மாதங்களுக்குள் படிப்புச் செலவுக்கு வழி காட்டவேண்டும். இல்லையேல் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அப்படிப் போனால் நான் போகவேண்டிய இடமும் முடிவாகியிருந்தது. அத்திம்பேர் வேலை பார்த்த தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் ஓர் உதவியாளர் தேவைப்பட்டார். வாழ்நாள் முழுவதும் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கும் வேலை. இரும்பின்மீது எனக்குப் பகையில்லை. ஆனால் அதன் தலையில் குடை இல்லை.

பொருள் தேடிப் புறப்பட்டேன். வங்கி மேலாளர் என் விண்ணப்பத்தை மருத்துவ அறிக்கையைப் படிப்பவர்போலப் படித்துவிட்டு, "வீட்ல எல்லாருக்கும் இது தெரியுமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். ஓர் அறக்கட்டளை பொறியியலுக்கும் வேதபாடசாலைக்கும் மட்டுமே கொடுக்கும். இரண்டுக்கும் நடுவில் விழுந்தவர்களுக்கு அவர்களிடம் படிவம் இல்லை. இணையத்தில் அகப்பட்ட ஓர் அயல்நாட்டு நிதி, அயல்நாட்டவர் இங்கே வந்து நம் மொழிகளைப் படிப்பதற்கு உதவியது. நான் இங்கேயே பிறந்துவிட்ட பிழையை அவர்களால் மன்னிக்க முடியவில்லை. அந்த நாள்களில் மாலைதோறும் திருவள்ளூர் ரயில் நிலையப் பாலத்தின்மீது நின்று வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கீழே மின்சார ரயில்கள் வரும், நிற்கும், மக்களைச் சிந்திவிட்டுப் போகும். எதுவும் வடக்கே போகவில்லை. அதுவும் எனக்கு ஒரு குறிப்பாகவே பட்டது.

இந்நிலையில் அத்திம்பேர் ஒரு செய்தி கொண்டுவந்தார். அவருடைய தொழிற்சாலை இரும்பு வார்ப்பது. அங்கே கல்வி உதவிக்கென்று ஒரு சமூக நிதி உண்டு. அதைக் கையாள்பவர் மனிதவள மேலாளர் முனிரத்தினம். பள்ளிப்பட்டுக்காரர், அன்பு மேலிட்டால் எவரையும் நைனா என்பார். அவர் என்னை நேரில் பார்த்துச் சொன்னது இது:

"நைனா, நிதி கீது. குடுக்க மனசும் கீது. ஆனா நீ படிக்கிறதால இந்தப் பேட்டைக்கு இன்னா பிரயோஜனம்னு மேல கேப்பாங்க. நம்ம உலைக் கொட்டகைல பூரா ஒடியா பசங்கதான். பாதுகாப்பு நாள் வருது. அவுங்க பாஷையில அரைமணி நேரம் பாதுகாப்பு பத்திப் பேசு. பத்துக்கு ஆரம்பி, பத்தரைக்கு முடி. முடிச்சதும் டிரில்லு சைரன். அவுங்க அஞ்சு நிமிஷத்துல வெளிய ஓடியாந்து கூடுற எடத்துல நிக்கணும். நின்னுட்டா உன் பேரச் சொல்லி நான் கையெழுத்து வாங்கிடுறேன்."

எளிது. தமிழ்நாட்டில் இதைவிட எளிதாக எவரும் உதவித்தொகை பெற்றதில்லை.

பதினொரு நாள் எழுதினேன். நாளுக்கு ஒரு தாள். அன்றாட ஒடியச் சொற்கள் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பயன்படுத்தியிருக்க மாட்டேன். உரைநடை என்பது குளித்துவிட்டுத்தான் வெளியே வரவேண்டும் என்று உறுதியாக நம்பிய வயது. தலைக்கவசத்துக்குச் சிரஸ்திராணம். உலைக்கு அக்னிகுண்டம். மேலே தண்டவாளத்தில் ஓடும் கிரேனுக்கு எந்நூலிலும் சொல் அகப்படாமையால், "ஆகாய மார்க்கத்தில் பாரம் சுமந்து ஏகுவது" என்று எழுதினேன். தாள் ஏழில் இருக்கும் ஒரு வாக்கியத்தை மொழிபெயர்த்துத் தருகிறேன்: "மானிடரே, சிரஸ்திராணம் இன்றி அக்னிகுண்டத்தை அணுகாதீர், ஆகாய மார்க்கத்தில் பாரம் ஏகும் வேளையில் அதன் நிழலில் நில்லாதீர்." மனத்துக்குள் படித்துப் பார்த்தேன். சரியாக இருபத்தெட்டு நிமிடம் வந்தது. மனத்துக்குள் படித்ததுதான் முதற்பிழை.

அந்தக் காலையில் பெரியபாளையம், ஆரணி, கவரைப்பேட்டை வழியாகப் போனோம். வயல்களின்மேல் பனி நின்றது. மோட்டார் சைக்கிள் அதைக் கிழிப்பதாகவே தெரியவில்லை, அதுவே எங்களைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோயிற்று. நெடுஞ்சாலை ஏறியதும் புகைபோக்கிகள் ஒன்றொன்றாகப் பனிக்குள்ளிருந்து கோபுரங்களைப்போல எழுந்தன. நான் அத்திம்பேரின் முதுகுக்குப் பின்னால் பதினொரு தாள்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு, கனவில் போகிறவனைப்போலப் போனேன். (இது நினைவு. அத்திம்பேரின் நினைவில் நான் வழிநெடுக உறங்கி அவர் முதுகில் எச்சில் ஒழுக விட்டேன்.)

வாயிலில் பாதுகாப்பு அலுவலர் ஏழுமலை நின்றார். வெளியார் உள்ளே நுழையுமுன் அவர் கையால் தலைக்கவசம் பெறவேண்டும். அவர் மஞ்சள் நிறக் கவசம் ஒன்றை இரு கையாலும் ஏந்தி என்னை நோக்கி நீட்டினார். இருபத்திரண்டு ஆண்டுகளாக, தலைக்கு நேராக ஒன்று ஏந்தி வரப்பட்டால் அது பெருமாளின் திருவடிகள் பொறித்த சடாரி என்றே என் உடம்பு அறிந்திருந்தது. நான் குனிந்தேன். வலக்கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். கண்ணை மூடி, அது தலையில் படுவதற்குக் காத்திருந்தேன்.

சற்றுநேரம் ஒன்றும் படவில்லை.

"இன்னாப்பா, பல்லு வலியா?" என்றார் ஏழுமலை.

அத்திம்பேர் அவர் காதில் ஏதோ சொன்னார். ஏழுமலை நல்லவர். கவசத்தை என் தலையில் மெல்ல வைத்தார், எடுத்தார், ஐயம் தீராமல் மறுபடியும் வைத்தார். "போதுமா? போய்க்கினே இரு. பின்னால லைன் நிக்குது."

உலைக் கொட்டகையின் ஒரு பக்கத்தை ஒழித்து ஜமக்காளம் விரித்திருந்தார்கள். நாற்பத்தொரு தொழிலாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். (எண்ணிக்கை அறிக்கையில் உள்ளது.) முனிரத்தினம் நாற்காலியில், கைபேசியில் நேரங்காட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். கூரைத் தகட்டின் ஓட்டைகள் வழியே வெயில் கம்பி கம்பியாக இறங்கியது. இரும்புத்தூள் அதில் பொன்னாக மிதந்தது. நான் வணங்கினேன். தாளை எடுத்தேன். வாயைத் திறந்தேன்.

எனக்கு உரையாற்றத் தெரியாது, ஓதத்தான் தெரியும். முதல் வாக்கியம் தானாகவே இராகத்தில் வந்தது. இரண்டாவது அதைப் பின்பற்றியது. இறைவணக்கம் முடிவதற்குள் முன்வரிசையில் இருந்த ஒருவர் தம் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அடுத்தவர் கழற்றினார். பிறகு எல்லாரும். பின்வரிசைக்காரர்கள் பாதுகாப்புக் காலணிகளையும் கழற்றிக் கொட்டகைக்கு வெளியே வரிசையாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். கைகள் குவிந்தன, சில கண்கள் மூடின. சிரஸ்திராணத்தின் மகிமையை நான் விரித்துரைத்த நேரத்தில், அந்தக் கொட்டகையில் சிரஸ்திராணம் அணிந்திருந்தவன் நான் ஒருவனே.

(ஒடிய நாட்டுச் சிற்றூர்களில் மாலைதோறும் கூடியிருந்து புராணம் கேட்கும் வழக்கம் உண்டு என்பதைப் பின்னால் படிப்பின்போது அறிந்தேன். அப்போது அறிந்திருந்தால் ஒருவேளை நிறுத்தியிருப்பேன். நிறுத்தியிருக்க மாட்டேன்.)

இராகம் நேரத்தைத் தின்றது. பத்தரை ஆனபோது நான் ஆறாம் தாளின் தொடக்கத்தில்தான் இருந்தேன். முனிரத்தினம் கைபேசியைத் தட்டிக் காட்டினார். தாளம் போடுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். பத்தரைக்குச் சைரன் என்றால் ஏழுமலைக்குப் பத்தரைதான். அபாயச் சங்கு அலறிற்று.

இனி நடந்ததற்கு அறிக்கை மட்டுமே சான்று. நான் இவ்வுலகில் இல்லை. சங்கொலி எழுந்ததும் தொழிலாளர் சிலர் எழ முயன்றதாகவும், "சொற்பொழிவாளர் இடக்கையை உயர்த்தி அவர்களை அமர்த்தியதாகவும்" அதில் எழுதியிருக்கிறது. உண்மையாகத்தான் இருக்கும். சாற்றுமுறைக்கு முன் எழுபவரைக் கண்டால் என் இடக்கை என்னைக் கேட்பதில்லை. அவர்கள் அமர்ந்தார்கள். நான் குரலை உயர்த்தினேன். இரண்டு நாகஸ்வரங்களுக்கும் ஒரு தேர்க்கூட்டத்துக்கும் மேலாகக் கேட்கும்படி பழக்கப்பட்ட குரல். சங்கு அதற்கு ஓர் ஒத்து ஊதுவதுபோல இருந்தது. "அபாயம் நேருங்கால் கணமும் தாமதியாதீர்" என்ற வரியை இருமுறை ஓதினேன். முக்கியமான வரிகளை இருமுறை சேவிப்பது எங்கள் வழக்கம்.

ஏழுமலை உள்ளே ஓடிவந்தார். "எந்திரி! எந்திரி! வெளிய வா! யோவ், நெருப்புன்னு நெனச்சிக்க!"

முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பி, உதட்டில் விரலை வைத்து அவரை அடக்கினார்.

ஐந்து நிமிடங்களில் சங்கு ஓய்ந்தது. நான் ஓயவில்லை. பதினோராம் தாளை முடித்து, வாழ்த்துச் சொல்லி, கண்ணைத் திறந்தேன். எதிரே ஏழுமலை அட்டையில் செருகிய தாளோடு நின்றார்.

"முட்ச்சிட்டியா?"

"முடிந்தது."

"நல்லது. ரூலு தெரியுமா உனக்கு? அஞ்சு நிமிசத்துல கூடுற எடத்துக்கு வராதவன் செத்தவன். அப்டித்தான் எழுதணும். நாப்பத்தியோரு பேர குந்த வச்சிக்கினு பாட்டு பாடிக்கினு கீறியே... பதினாறு வருசமா டிரில்லு நடத்துறேன், ஒரு தபா ரெண்டு பேரு செத்ததுக்கே மெமோ குட்த்தாங்க. உன்னையும் சேத்தா நாப்பத்திரெண்டு!"

"என்னையுமா?"

"பின்ன? நீ மட்டும் இன்னா, பறந்து பூட்டியா?"

அறிக்கையின் வாசகம் இது: "உயிரிழந்தோர் 42 (சொற்பொழிவாளர் உட்பட). பிழைத்தோர் 1." (ஒத்திகையை நடத்திய ஏழுமலையும் முனிரத்தினமும் கணக்கில் சேரவில்லை.) பிழைத்த ஒருவர் அத்திம்பேர். கொட்டகைக் கதவருகே நின்றிருந்தவர், சங்கு கேட்டதும் மனைவியின் தம்பியை ஒருகணமும் எண்ணாமல் ஓடிப்போய்க் கூடுமிடத்தில் தன்னந்தனியாக நின்றார். இக்கதையைச் சொல்லும் முழு உரிமையும் அவருக்கு வந்தது இவ்வாறே.

முனிரத்தினம் என்னைத் தம் அறைக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "நைனா, நல்லாத்தான் பாடினே. எனக்கே அரைக் கண்ணு மூடிப்போச்சு. ஆனா மேல நான் இன்னான்னு சொல்லுவேன்? பாதுகாப்பு நாள்ல பையனுக்குப் படிப்புக்கு டப்பு குடுத்தோம், கொட்டகையே காலின்னா?"

சன்னல் வழியே ஸ்டோர்ஸ் தெரிந்தது: சாம்பல் நிறக் கதவு, இருட்டான உட்புறம், என் நாற்பது ஆண்டுகள். வெளியில் பனி எப்போதோ விலகியிருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. அப்போதுதான் பல்கலைக்கழகத்துக்கே சொந்தமான ஓர் உதவித்தொகை நினைவுக்கு வந்தது. ஆண்டுக்கு ஒருவருக்கு மட்டும். அதன் படிவத்தில், விண்ணப்பிப்பவர் அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோரிடையே பயன்படுத்தியதற்கு மூன்றாமவர் ஒருவரின் சான்று கேட்டிருந்தார்கள். யாரோடும் பேசாத நான் அதைத் தொடாமலே விட்டிருந்தேன்.

"ஐயா, நிதி வேண்டா. ஒரு கடிதம் மட்டும் தருவீர்களா?"

"தரேன். ஆனா பொய் எழுத மாட்டேன். நடந்தத நடந்தபடி எழுதுவேன். பரவாயில்லியா?"

பரவாயில்லை என்று எப்படிச் சொல்ல? சொன்னேன். அவர் தட்டச்சுச் செய்து, கையெழுத்திட்டு, முத்திரை குத்திக் கொடுத்த கடிதத்தின் தமிழாக்கம்: "இவர் எங்கள் தொழிற்சாலையில் ஒடிய மொழியில் ஐம்பத்தைந்து நிமிடம் பேசினார். நாற்பத்தொரு தொழிலாளர்கள் கேட்டார்கள். இடையில் அபாயச் சங்கு ஐந்து நிமிடம் ஒலித்தது. ஒருவரும் எழவில்லை."

வீட்டுக்கு வந்ததும் அத்திம்பேர் தம் முதல் அரங்கேற்றத்தை நடத்தினார். அக்கா சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தாள். தந்தை மட்டும் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"சாத்துமுறைக்கு முன்னாடி எழுந்துக்கலையே?"

"இல்லை அப்பா."

"அந்த மட்டும் சரி" என்று சொல்லிவிட்டு ஈரத்துண்டை உலர்த்தப் போனார்.

கடிதத்தை விண்ணப்பத்தோடு அனுப்பினேன். நான்காம் வாரம் பதில் வந்தது. உதவித்தொகை எனக்கே. வடக்கே போகும் ரயில் கும்மிடிப்பூண்டியைக் கடந்தபோது சன்னலோரம் நின்று புகைபோக்கிகளை எண்ண முயன்றேன். மூன்று எண்ணுவதற்குள் எளாவூரும் போய்விட்டது.

இன்று எங்கள் உறவுமுறையில் நான் ஆய்வாளனாகவோ மொழிபெயர்ப்பாளனாகவோ அறியப்படுவதில்லை. கல்யாண வீடுகளில் புதியவர்களிடம் அத்திம்பேர் என்னை இப்படி அறிமுகப்படுத்துகிறார்: "இவன்தான் கும்மிடிப்பூண்டில நாப்பத்திரெண்டு பேரைப் பேசியே கொன்னவன். கடைசில தானும் செத்துட்டான், பாவம்." யாராவது மேடையில் பேச்சை நீட்டினால், எங்கள் வரிசையிலிருந்து ஒரு சிறுமியாவது மெல்லிய குரலில் "ஊஊ" என்று சங்கு ஊதாமல் இருப்பதில்லை. அதைக் கேட்டு எங்களில் ஒருவரும் எழுவதில்லை, அதுதான் விதி.

தெரியாதவற்றைச் சொல்லி முடிக்கிறேன். தேர்வுக்குழுவினர் அந்தக் கடிதத்தைப் பாராட்டாகப் படித்தார்களா, புகாராகப் படித்தார்களா என்பது தெரியாது. கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை. என் மொழியில் அந்த நாற்பத்தொருவருக்கு எவ்வளவு விளங்கியது என்பதும் தெரியாது.

இன்னொன்று. ஏழுமலை எழுதிக்கொண்டிருந்தபோது, தொழிலாளர்களில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் என்னிடம் வந்து, என் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, நான்கைந்து வாக்கியங்கள் பேசினார். நான் விழித்தேன். மெதுவாகத் திரும்பச் சொன்னார். ஐம்பத்தைந்து நிமிடம் அவர் மொழியில் முழங்கிய எனக்கு அவர் சொன்னதில் 'வீடு' என்ற ஒரு சொல்தான் விளங்கியது. கைகூப்பினேன். அவர் தலைக்கவசத்தை அணிந்துகொண்டு உலைப் பக்கம் போனார். இரண்டாண்டு கழித்து, பேச்சுமொழி நன்றாகக் கைவந்தபின், அவரைத் தேடி அங்கே போனேன். ஒப்பந்தம் மாறியிருந்தது, அந்தக் குழு முழுவதும் வேறெங்கோ போய்விட்டது. அவர் பெயர் தெரியவில்லை. ஊர் தெரியவில்லை. அவர் என்ன சொன்னார் என்பதும் தெரியவில்லை.